பழகிய கப்பலை விட்டு வேறு கப்பலில் நான்கு இரவு பஹாமாஸ்

உல்லாசக் கப்பல் கம்பெனியின் பெயரை எழுதப்போவதில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரே கம்பெனியிலேயே கப்பலுக்குக் கப்பல் வித்தியாசம் இருக்கிறது, கடைசி நாள் பில்லில் ஒரு தகராறும் வந்தது, அதை வைத்து யார் பெயரையும் இழுக்க எனக்கு மனமில்லை. மயாமியிலிருந்து திங்கள் கிளம்பி வெள்ளி திரும்பும் நான்கு இரவுப் பயணம், ஒரு நாள் கம்பெனியின் சொந்தத் தீவு, ஒரு நாள் பஹாமாஸ் தலைநகர் நாசோ, ஒரு நாள் வெறும் கடல். இந்த அச்சில் வார்த்த பயணத்தைப் பெரிய கம்பெனிகள் பலவும் ஓட்டுகின்றன, அதனால் கீழே எழுதியிருப்பதில் பாதியாவது நீங்கள் எதில் ஏறினாலும் உதவும்.

நாங்கள் நியூஜெர்சியில், எடிசன் பக்கம் இருக்கிறோம். இதற்கு முன் நான்கு முறை கப்பலில் போயிருக்கிறோம், நான்கும் ஒரே கம்பெனி. சறுக்குமரம், ஏறும் சுவர், ஐஸ் மேடை என்று பிள்ளைகளைக் கட்டிப்போட எல்லாம் உள்ள பெரிய கப்பல்கள். இந்த முறை மாற்றியதற்குக் காரணம் இரண்டு. ஒன்று விலை. இன்னொன்று அத்தை. கோவில்பட்டியிலிருந்து அக்டோபரில் வந்தவர், நவம்பரிலிருந்து வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தார். ஒரு நாள் சாப்பிட உட்கார்ந்தபோது, “ஜன்னல்ல பனியைப் பாத்துப் பாத்து கண்ணே வெள்ளையாப் போச்சும்மா” என்றார். அன்று ராத்திரியே நானும் வீட்டுக்காரரும் டிக்கெட் பார்க்க உட்கார்ந்துவிட்டோம்.

நியூயார்க்கிலிருந்தும் நியூஜெர்சியின் பயோன் துறைமுகத்திலிருந்தும் பஹாமாஸ் போகும் கப்பல்கள் உண்டு, விமானச் செலவு மிச்சம். ஆனால் ஜனவரியில் அங்கிருந்து கிளம்பினால் ஸ்வெட்டரைக் கழற்றவே ஒன்றரை இரண்டு நாள் ஆகும், ஒரு வார லீவு இருந்தால்தான் அது கட்டுப்படி. குறுகிய பயணத்துக்கு ஃப்ளோரிடாதான். அங்கே பெரும்பாலும் வெள்ளி முதல் திங்கள் வரை மூன்று இரவு, திங்கள் முதல் வெள்ளி வரை நான்கு இரவு என்று கப்பல்கள் மாறி மாறி ஓடுகின்றன. மார்ட்டின் லூதர் கிங் விடுமுறைத் திங்களில் ஏறினால் பிள்ளைகளுக்குப் பள்ளி நான்கு நாள்தான் போகும். பழைய கம்பெனியில் அந்த வாரத்துக்கு ஐந்து பேருக்கு இரண்டு அறை 3,400 டாலர் என்றது. இந்தக் கம்பெனியில் கிட்டத்தட்ட அதே மாதிரி இரண்டு அறை, வரியெல்லாம் சேர்த்து 2,300. ஆயிரத்து நூறு டாலர் வித்தியாசம், அப்புறம் யோசிக்க என்ன இருக்கிறது.

யோசித்திருக்கலாம். விளம்பரத்தில் பெரிதாகப் போடும் விலையில் டிப்ஸ் வராது. நாங்கள் போனபோது அது ஆளுக்கு ஒரு நாளைக்கு 16 முதல் 20 டாலர் வரை கம்பெனிக்குக் கம்பெனி மாறியது, கைக்குழந்தை தவிர எல்லோருக்கும் உண்டு, எங்களுக்கு அதுவே 350 டாலரை ஒட்டி வந்தது. பழைய கம்பெனியிலும் இது உண்டுதான், ஆனால் அங்கே எதைக் காசு கொடுத்து வாங்க வேண்டும், எது சும்மா என்பது எங்களுக்கு அத்துப்படி. புதுக் கப்பலில் அதைக் கற்றுக்கொள்ளவே முதல் இரண்டு நாள் போய்விட்டது, மொத்தமே நான்கு நாள் என்னும்போது அது பெரிய இழப்பு. குறுகிய பயணத்துக்குக் கம்பெனி மாற்றுவதில் உள்ள சிக்கலே இதுதான் என்று இப்போது தோன்றுகிறது. ஏழு நாள் பயணத்தில் முதல் நாள் தடுமாறினாலும் மிச்ச நாளில் சரிக்கட்டிவிடலாம்.

கிளம்பும் முன் இரண்டு விஷயம். குளிர்காலத்தில் வடக்கிலிருந்து பறப்பவர்கள் கப்பல் ஏறும் நாளன்றே பறக்காதீர்கள், பனி பெய்து விமானம் ரத்தானால் கப்பல் உங்களுக்காக நிற்காது. நாங்கள் ஞாயிறன்றே போய் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ராத்திரி தங்கினோம். இரண்டாவது, விசா. அமெரிக்கக் குடிமக்கள் இப்படிக் கிளம்பிய துறைமுகத்துக்கே திரும்பும் பயணத்துக்குப் பிறப்புச் சான்றிதழும் அரசு அடையாள அட்டையும் வைத்துக்கொண்டுகூடப் போய்வரலாம். நம்மவர்கள் கதை வேறு. எச்1பி வேலை விசாவில் இருந்து பாஸ்போர்ட்டில் உள்ள விசா ஸ்டாம்ப் முடிந்துபோயிருந்தால், கனடாவும் மெக்சிகோவும் போய் முப்பது நாளுக்குள் திரும்பலாம் என்ற சலுகை பஹாமாஸுக்குச் செல்லாது, மாணவர் விசா போன்ற சில வகைகளில் இருப்பவர்களுக்குத்தான் பக்கத்துத் தீவுகளுக்கும் அது நீள்கிறது. “கப்பல்தானே, யார் பார்க்கப்போகிறார்கள்” என்று ஏறிவிடாதீர்கள், திரும்பி இறங்கும்போது மயாமியில் குடியேற்ற அதிகாரி நிற்பார். அத்தைக்குப் பத்து வருட விசா, பலமுறை வந்துபோகலாம் என்ற வகை, அதனால் பிரச்சினை இல்லை.

எடிசனில் கிளம்பிய காலை மைனஸ் ஒன்பது. மயாமியில் இறங்கியதும் அத்தை முதலில் செய்தது, மேலே போட்டிருந்த கோட்டைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டுப் புடவைத் தலைப்பை உதறிவிட்டுக்கொண்டது. மூன்று மாதத்தில் அவர் நிமிர்ந்து நடந்ததை அன்றுதான் பார்த்தேன்.

கப்பல் ஏறுவது சுலபமாக இருந்தது, செல்போன் செயலியில் நேரம் எடுத்து வைத்திருந்தோம், வரிசையில் நின்றது இருபது நிமிடம்தான். பாதுகாப்புப் பயிற்சி என்று முன்பெல்லாம் எல்லோரையும் வெயிலில் கூட்டி நிற்கவைப்பார்கள், இப்போது அறையில் உட்கார்ந்து வீடியோ பார்த்துவிட்டு, குறிப்பிட்ட இடத்துக்குப் போய் அட்டையைக் காட்டினால் முடிந்தது. அத்தை மட்டும் அறையில் இருந்த லைஃப் ஜாக்கெட்டை எடுத்துப் போட்டுப் பார்த்து, பட்டையை முடிச்சுப் போட்டு அவிழ்த்து, திரும்ப மடித்து வைத்தார். மாலையில் கப்பல் கவர்மென்ட் கட் கால்வாய் வழியாக வெளியே போகும்போது மேல் தளத்துக்குப் போய் நில்லுங்கள். ஒரு பக்கம் சவுத் பீச் முனையில் நிற்கிறவர்கள் முகம் தெரியாதவர்களுக்குக் கையசைக்கிறார்கள், இந்தப் பக்கம் மூவாயிரம் பேர் திருப்பிக் கையசைக்கிறார்கள், காரணமே இல்லாமல் சந்தோஷமாக இருக்கும்.

அறை: பால்கனி உள்ளதில் நான், அத்தை, மகள். எதிரே ஜன்னல் இல்லாததில் வீட்டுக்காரரும் மகனும். பழைய கப்பலைவிட அறை சிறியதுதான், மூன்றாவது ஆளுக்கு சோபாவை விரித்தால் பால்கனிக் கதவைத் திறக்கச் சர்க்கஸ் பண்ண வேண்டும். ஆனால் சுத்தம் என்றால் அப்படி ஒரு சுத்தம். கழிவறை, விமானத்தில் இருப்பது மாதிரி உறிஞ்சும் வகை, முதல் தடவை அந்தச் சத்தத்தில் அத்தை வெளியே ஓடி வந்துவிட்டார். யாரும் எழுதமாட்டார்கள், நான் எழுதுகிறேன்: ஒரு பிளாஸ்டிக் மக் எடுத்துக்கொண்டு போங்கள். ரைஸ் குக்கர், கெட்டில், அயர்ன் பாக்ஸ் எல்லாம் பெட்டியைச் சோதிக்கும்போதே எடுத்து வைத்துக்கொள்வார்கள், மக்கை யாரும் கேட்கமாட்டார்கள்.

இனி சாப்பாடு. பழைய கம்பெனியில் ராத்திரி சாப்பாட்டு அட்டையில் தினமும் ஓர் இந்திய சைவ அயிட்டம் இருக்கும், சுமாராகத்தான் இருக்கும், ஆனால் இருக்கும். இங்கே அட்டையில் ஒன்றும் இல்லை. முதல் ராத்திரி அத்தை பிரெட்டும் வெந்த காய்கறியும் தின்றுவிட்டு “எனக்குப் போதும்மா” என்று சொன்ன விதத்தில் எனக்குத் தொண்டை அடைத்தது. வீட்டுக்காரர் எழுந்து போய்த் தலைமைப் பரிமாறுநரிடம் பேசினார். அவர் கோவாக்காரர். “முந்தின நாளே சொல்லிவிடுங்கள், சமையற்காரர் மும்பைக்காரர், செய்துகொடுப்பார்” என்றார். அதோடு விஷயம் தீர்ந்தது. மறுநாளிலிருந்து மேஜைக்குத் தனியாக ஒரு பாத்திரத்தில் பருப்பு, ஒன்றில் உருளைக்கிழங்கு மசாலா, உதிரி உதிரியாகச் சோறு. காரம் கம்மிதான், அதற்குத்தான் கைப்பையில் ஊறுகாய் பாக்கெட் இருக்கிறதே. கூடுதல் காசு கிடையாது. ஆக, அட்டையைப் பார்த்து ஏமாந்துவிடாமல் முதல் நாளே வாயைத் திறந்து கேளுங்கள், எந்தக் கப்பலிலும் அடுப்படியில் நம் ஊர்க்காரர் ஒருவராவது இருப்பார்.

காபி தனிக்கதை. அத்தை நாலரைக்கு எழுந்துவிடுவார், எழுந்ததும் காபி இறங்க வேண்டும். பஃபேயில் உள்ள இயந்திரத்துக் காபி இருபத்து நாலு மணி நேரமும் சும்மா கிடைக்கும், ஆனால் அதைக் காபி என்று சொன்னால் கோவில்பட்டியில் அடிப்பார்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த இன்ஸ்டன்ட் காபிப்பொடி இருந்தது, சூடான பால்தான் வேண்டும். முதல் காலை நான் தூக்கக் கண்ணோடு போய்க் கேட்டபோது, சீரியலுக்கு வைத்திருக்கும் குளிர்ந்த பாலைக் காட்டினார்கள். இரண்டாம் காலை அத்தை தானே போயிருக்கிறார், எனக்குத் தெரியாது. ஐந்து மணிக்கு விழித்துப் பார்த்தால் ஆளைக் காணவில்லை. பதறிப்போய்ப் பதினோராவது தளத்துக்கு ஓடினால், ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்து, ஒரு கோப்பையிலிருந்து இன்னொரு கோப்பைக்கு ஆற்றிக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் ஒரு சின்ன உலோக ஜாடி, ஆவி பறக்கிறது. இந்தோனேசியப் பையன் ஒருவன் நின்று வேடிக்கை பார்க்கிறான். இருவருக்கும் பொதுவாக ஒரு வார்த்தை கிடையாது. “பால்னு சொன்னேன், புரியலை. கன்னுக்குட்டி மாதிரி கையைக் காமிச்சேன், சிரிச்சிட்டுக் கொண்டாந்துட்டான்” என்றார். அதன் பிறகு இரண்டு நாளும் ஐந்து மணிக்கு அந்த ஜாடி தானாக வந்தது. சேவைக்கு மதிப்பெண் கேட்டால் நான் முழுசாகக் கொடுப்பது இதற்காகத்தான்.

இரண்டாம் நாள்தான் சறுக்கல். தீவுக்குப் போக வேண்டிய நாள். ராத்திரியே கப்பல் ஆட ஆரம்பித்துவிட்டது. ஃப்ளோரிடாவுக்கும் பஹாமாஸுக்கும் நடுவே கல்ஃப் ஸ்ட்ரீம் நீரோட்டம் வடக்கு நோக்கி ஓடுகிறது, குளிர்காலத்தில் வடக்கிலிருந்து காற்று வந்து அதை எதிர்த்தால் அலை செங்குத்தாக எழும்பும். நம் ஊர் வாடைக்காற்றுதான், ஊர்தான் வேறு. மகன் இரண்டு முறை வாந்தி எடுத்தான், வரவேற்பு மேஜையில் கேட்டதும் மாத்திரையும் பச்சை ஆப்பிளும் கொடுத்தார்கள், ஆப்பிள் நிஜமாகவே கேட்கிறது. காலை ஏழு மணிக்குக் கேப்டன் அறிவிப்பு: அலை அதிகம், சின்னப் படகில் ஆட்களை இறக்க முடியாது, தீவு ரத்து. காற்றுக்குக் கேப்டன் என்ன செய்வார், அதில் எனக்கு வருத்தமில்லை. தீவுக்கான துறைமுகக் கட்டணத்தையும் கணக்கில் திருப்பிப் போட்டுவிட்டார்கள். வருத்தம் அதற்குப் பிறகு நடந்ததில்தான். மொத்தக் கூட்டமும் கப்பலிலேயே தங்கிப்போன அந்த நாளுக்கு மாற்று ஏற்பாடு என்று எதுவும் செய்யவில்லை. நீச்சல் குளம் ஒன்றுதான், அதில் நிற்கக்கூட இடமில்லை. பஃபே வரிசை படிக்கட்டு வரை வந்தது. பிள்ளைகள் கூடத்தில் இடம் முடிந்தது என்று கதவைச் சாத்திவிட்டார்கள். மகன் அன்று முழுக்கச் சொன்ன ஒரே வாக்கியம், “பழைய கப்பல்ல சறுக்குமரமாவது இருந்துச்சு.” பதில் சொல்ல எங்களிடம் ஒன்றுமில்லை. ஜனவரி, பிப்ரவரியில் போகிறவர்கள், தீவில் படகு வைத்து இறக்குவார்களா, கப்பலே போய் ஒட்டி நிற்கும் துறை இருக்கிறதா என்று டிக்கெட் போடும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள், துறை இருந்தால் ரத்தாகும் வாய்ப்பு குறைவு. நாங்கள் பார்க்கவில்லை, விலையைத்தான் பார்த்தோம்.

மூன்றாம் நாள் நாசோ. மகளுக்கு ஒரு சந்தேகம், எல்லாக் கப்பலும் ஏன் நாசோவுக்கே போகிறது. சட்டம்தான். 1886-இல் போட்ட அமெரிக்கச் சட்டம் ஒன்று, வெளிநாட்டில் பதிவான கப்பல் அமெரிக்கத் துறைமுகங்களுக்கு நடுவே மட்டும் பயணிகளை ஏற்றி இறக்கக்கூடாது, இடையில் வெளிநாடு ஒன்றைத் தொட்டாக வேண்டும் என்கிறது. இந்தக் கப்பல்கள் ஏறக்குறைய எல்லாமே பஹாமாஸிலோ பனாமாவிலோ மால்டாவிலோ பதிவானவை. மயாமிக்குப் பக்கத்தில், ஒரே ராத்திரியில் எட்டக்கூடிய வெளிநாட்டுத் தலைநகரம் நாசோ.

துறைமுகத்தில் இறங்கி நடந்தே ஊரைப் பார்க்கலாம், டூர் எதுவும் வாங்க வேண்டாம். பே ஸ்ட்ரீட்டைத் தாண்டி ரோஸ் நிறப் பாராளுமன்றக் கட்டடங்கள், அங்கிருந்து பதினைந்து இருபது நிமிட நடையில் குயின்ஸ் ஸ்டேர்கேஸ். சுண்ணாம்புப் பாறையை மேலிருந்து கீழே பிளந்து, 1790-களில் அடிமைகளை வைத்து வெட்டிய படிக்கட்டு, இரண்டு பக்கமும் பாறைச் சுவர், உள்ளே போனதும் வெயில் குறைந்து குளுமை. 66 படி என்கிறார்கள், மகன் எண்ணியதில் 65, ஒன்று தரை மட்டத்தில் மூடிப்போய்விட்டதாம். அத்தைக்கு முட்டி வலி, கீழேயே உட்கார்ந்துவிட்டார். அங்கே இடதுபுறம் வண்டி ஓட்டுவதைப் பார்த்துவிட்டு, “இங்கதான் ஒழுங்கா ஓட்டுறாங்க” என்று அமெரிக்காவுக்கு ஒரு குட்டும் வைத்தார். பணம் மாற்ற வேண்டியதில்லை, பஹாமாஸ் டாலரும் அமெரிக்க டாலரும் ஒன்றுக்கு ஒன்று, இரண்டும் செல்லும்.

அப்புறம் சங்கு. தண்ணீர் ஓரக் கடை ஒன்றில் வீட்டுக்காரர் கான்க் சாலட் கேட்டார். கடைக்காரர் கை அகலச் சங்கு ஒன்றை எடுத்து, முனைக்குக் கீழே சுத்தியலால் ஒரு தட்டு, கத்தியை விட்டு ஒரு நெம்பு, வெள்ளைச் சதை வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. பொடிப்பொடியாக வெட்டி, வெங்காயம், தக்காளி, மிளகாய் போட்டு, எலுமிச்சையைப் பிழிந்து அப்படியே பச்சையாகக் கொடுத்தார். சுத்த சைவமான அத்தை முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று பார்த்தால், காலிச் சங்கைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இடம்புரிதான்” என்று கீழே வைத்தார். வலம்புரியாக இருந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. சாலட் நன்றாக இருந்தது, காரத்தில் வீட்டுக்காரருக்கு மூக்கு ஒழுகியது.

ராத்திரி நிகழ்ச்சிகள் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஆட்டம், பாட்டு, ஒரு நாள் மட்டும் கயிற்றில் தொங்கி வித்தை காட்டினார்கள், அது நன்றாக இருந்தது. கூட்டம் குறைவு, ஒலிபெருக்கியில் ஓயாமல் எதையாவது விற்கும் தொல்லை இல்லை, அது பழைய கப்பலைவிடப் பெரிய நிம்மதி. பதினான்கு வயது மகள் நான்காம் நாள், வெறும் கடல் நாள், பால்கனியில் பாட்டியோடு உட்கார்ந்து பல்லாங்குழி ஆடினாள். சோழி அத்தை கொண்டுவந்தது, பலகைக்குப் பதில் பஃபேயிலிருந்து எடுத்துவந்த பதினான்கு காகிதக் கிண்ணம். வைஃபை நாங்கள் ஒரு போனுக்கு மட்டும்தான் வாங்கினோம், அதுவும் ஒரு காரணம்.

கடைசி ராத்திரி பில். நாங்கள் குடிக்காத இரண்டு ஸ்பெஷல் காபி ஏறியிருந்தது, அதுவும் அத்தையின் கப்பல் அட்டையில்! வரவேற்பு மேஜையில் நாற்பது நிமிடம் வரிசை. அங்கிருந்த பெண், “கையெழுத்தைச் சரிபார்த்துவிட்டு மெயில் அனுப்புகிறோம்” என்றாள். பழைய கம்பெனியில் இப்படி ஒரு முறை நடந்தபோது அங்கேயே நீக்கிவிட்டார்கள். தொகை பெரிதில்லை, அந்த நாற்பது நிமிடம்தான் எரிச்சல். நீங்கள் தினமும் ராத்திரி செயலியில் கணக்கைப் பார்த்துவிடுங்கள், கடைசி நாள் வரை விடாதீர்கள்.

வெள்ளி காலை பெட்டியை நாமே இழுத்துக்கொண்டு இறங்குகிற வரிசையைத் தேர்ந்தெடுத்தோம், ஏழே முக்காலுக்கெல்லாம் வெளியே. அத்தை மட்டும் நடுவில் காணாமல் போய், பதினோராவது தளத்தில் அந்தப் பால் ஜாடிப் பையன் கையில் இரண்டு கடலைமிட்டாய்ப் பாக்கெட்டைத் திணித்துவிட்டு மூச்சிரைக்க வந்தார்.

திரும்பப் போவோமா என்றால், பெரியவர்களோடு போவதாக இருந்தால் இதே கப்பல், தயங்கமாட்டேன். ஒன்பது வயதுப் பையனோடு என்றால் அந்த ஆயிரத்து நூறு டாலரைக் கொடுத்துப் பழைய கப்பலிலேயே ஏறுவேன். மிச்சம் பிடித்ததில் விமானமும் ஹோட்டலும் போக எவ்வளவு நின்றது என்று வீட்டுக்காரர் ஒரு தாளில் கணக்குப் போட ஆரம்பித்தார், பாதியில் மடித்து வைத்துவிட்டார். காபிக்காசு 11 டாலர் 40 சென்ட், ஒன்பதாம் நாள் கார்டுக்குத் திரும்பி வந்தது.